பெரிய சப்வூஃபர்: வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஹாலுக்கு 12 அங்குல சப்வூஃபர் ஒன்று, அதாவது ஆழமான பேஸ் சத்தத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி, வந்து இறங்கிய நாளிலிருந்து, வருகிறவர்கள் காப்பி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே அதைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பார்க்காமல் தாண்டிப் போகிற அளவில் அது இல்லை. "மாவாட்டுற கிரைண்டரா?" என்று அத்தை கேட்டாள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எங்கள் ஹால் 15 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி, மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த அளவை வைத்துத்தான். நான் இன்ஜினியர் இல்லை. நண்பர்கள் வீடுகளில் வயர் இழுத்து, பெட்டி நகர்த்தி, முதுகுவலி சம்பாதித்தவன்.

சவுண்ட்பாரோடு ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்களே, அதுவும் சப்வூஃபர்தானே?

பெயர் அதேதான். வேலைதான் பாதியில் நின்றுவிடும். 5.1 என்கிறோமே, அதில் அந்தப் புள்ளி ஒன்று என்பது 120 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 120 அதிர்வுக்கு) கீழே உள்ள சத்தத்துக்கு மட்டும் ஒதுக்கிய தனித் தடம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், பியானோவின் இடது ஓரக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். இடியும் வெடியும் அதற்கும் கீழே போகும். சவுண்ட்பாரோடு வரும் சின்னப் பெட்டி பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே கையை விரித்துவிடும்.

இன்னொரு சங்கடம் நம் காதிலேயே இருக்கிறது. 1000 ஹெர்ட்ஸ் சத்தம் இரண்டு மூன்று டெசிபெல் இருந்தாலே நல்ல காதுக்குக் கேட்டுவிடும். 20 ஹெர்ட்ஸ் கேட்க ஆரம்பிப்பதற்கே 78 டெசிபெல் பக்கம் வேண்டும். காது அவ்வளவு மந்தமாக இருக்கும் இடத்தில் வேலை செய்ய வேண்டியிருப்பதால்தான் பெட்டி இந்த அளவுக்குப் பெருத்திருக்கிறது.

எத்தனை வாட்ஸ் பார்த்து வாங்கணும் அண்ணாச்சி?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான்.

டேப்ரிக்கார்டர் காலத்தில் அட்டைப்பெட்டி மேல் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் ஒரு எண் அச்சடித்திருப்பார்கள். அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. இன்று அந்த வேலையைக் கொஞ்சம் மரியாதையாக 'பீக்' வாட்ஸ் செய்கிறது. அது ஒரு கணம் மட்டும் தொடும் உச்சம்; தொடர்ந்து கொடுக்கக்கூடியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். ஒழுங்கான கம்பெனி இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும். எஸ்.வி.எஸ். கம்பெனியின் பி.பி.-1000 ப்ரோவை எடுத்துக்கொண்டால் ஆர்.எம்.எஸ். 325 வாட்ஸ், பீக் 820 வாட்ஸ் என்று இரண்டும் இருக்கும். ஆர்.எம்.எஸ். எண்ணை எங்கும் போடாத பெட்டி என்றால் நான் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

சரி, ஆர்.எம்.எஸ். தெரிந்துவிட்டது. 300 வாட்ஸை விட 600 வாட்ஸ் இரண்டு மடங்கு சத்தமா? இல்லை. வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல், 'கொஞ்சம் கூடின மாதிரி இருக்கு' என்கிற அளவு. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ்.

உண்மையான வேலையைச் செய்வது காற்றைத் தள்ளும் கூம்பு. அதன் பரப்பு எவ்வளவு, முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் போய்வருகிறது என்பதுதான் கணக்கு. அதே அளவு சத்தத்தை 40 ஹெர்ட்ஸுக்குப் பதில் 20 ஹெர்ட்ஸில் கொடுக்க நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 8 அங்குலக் கூம்புக்கு 1000 வாட்ஸ் கொடுத்தாலும் அது போகக்கூடிய தூரத்துக்குத்தான் போகும். அதன்பின் 'டக் டக்' என்று அடித்துக்கொள்ளும்.

நம்பத்தகுந்த ஒரு எண் வேண்டுமென்றால் சி.இ.ஏ.-2010 அளவீடு இருக்கிறதா என்று தேடுங்கள். இப்போது சி.டி.ஏ.-2010 என்கிறார்கள். 20, 25, 31.5 என்று ஒவ்வொரு அலைவரிசையிலும் குறுகிய அதிர்வு கொடுத்து, சத்தம் சிதையாமல் எத்தனை டெசிபெல் வரை போகிறது என்று பார்க்கும் முறை அது. 20 ஹெர்ட்ஸ் வரிசையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 63 ஹெர்ட்ஸில் எல்லாப் பெட்டியும் வீரன்தான்.

10 அங்குலமா, 12-ஆ, 15-ஆ?

ஹாலைக் கதவு போட்டு மூட முடியுமா என்று முதலில் பாருங்கள். திருநெல்வேலி டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை என்று ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் போகும், நடுவில் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பெருமாள்புரம், கே.டி.சி. நகர் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் ஹால், டைனிங், மாடிப்படி எல்லாம் ஒரே வெளி. நீங்கள் சோபாவில் உட்கார்ந்து கேட்டாலும் பெட்டி அந்த மொத்த வெளியையும் நிரப்பியாக வேண்டும். சாத்திய கான்கிரீட் அறையில் 12 அங்குலம் தாராளம். அடுக்களை வரை திறந்து கிடக்கும் ஹாலில் அதே பெட்டி மூச்சு வாங்கும்.

கணக்குக்கு, 12-லிருந்து 15-க்குப் போனால் கூம்பின் பரப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூடும். பெட்டியின் எடையும் அப்படியே ஏறும். மாடி வீட்டுக்கு என்றால் தூக்க ஆள் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

மூடிய பெட்டி நல்லதா, ஓட்டை வைத்த பெட்டி நல்லதா?

இதற்கு நம்மூரிலேயே பாடம் இருக்கிறது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். பாடுகிறவர் வில்லில் கோலைத் தட்ட, பக்கத்தில் ஒருவர் குடத்தின் வாயில் மட்டையால் அடிப்பார். கையளவு மட்டை, மெல்லிய அடி. வருவதோ வயிற்றில் இறங்கும் 'கும்'. குடத்துக்குள் இருக்கும் காற்று சுருள்கம்பி மாதிரி, கழுத்தில் இருக்கும் காற்று அதன் முனையில் தொங்கும் எடை மாதிரி. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுரத்தில் தானே ஊசலாடும். குடத்தின் கொள்ளளவும் கழுத்தின் நீள அகலமும் அந்தச் சுரத்தைத் தீர்மானிக்கும்.

ஓட்டை வைத்த சப்வூஃபரும் குடம்தான். கூம்பு சோர்ந்துபோகும் இடத்தில், 18 அல்லது 20 ஹெர்ட்ஸில், குழாயில் இருக்கும் காற்று வேலையை ஏற்றுக்கொள்ளும்படி அளவு வைத்திருப்பார்கள். அதனால் அதே வாட்ஸில் ஆழத்தில் கூடுதல் சத்தம் கிடைக்கும். இதற்கு இரண்டு விலை உண்டு. பெட்டி பெரிதாகும். அந்தச் சுரத்துக்குக் கீழே போனால் சத்தம் சரேலென்று விழும். மூடிய பெட்டியில் ஓர் ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும்போது, 12 டெசிபெல் குறைந்தால் இதில் 24 குறையும். அங்கே கூம்பைப் பிடித்து நிறுத்த ஆளில்லாததால், உள்ளே இருக்கும் மின்னணுக் காவல் மோசமாக இருந்தால் அடிபடும்.

மூடிய பெட்டி சின்னது, ஆழத்தில் மெதுவாக இறங்கும். நம் கான்கிரீட் அறைகள் கதவு சாத்தியிருந்தால் அடிமட்டத்தில் தாமே கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். அந்த ஏற்றமும் இந்த இறக்கமும் பல நேரம் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். பாட்டு அதிகம் கேட்பவருக்கு, சின்ன அறைக்கு, மூடியதையே சொல்வேன். படம்தான் முக்கியம், இடமும் இருக்கிறது என்றால் ஓட்டை வைத்தது. நான் வாங்கியது இரண்டாவது வகை. கொடை பார்த்து வளர்ந்த ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையிலேயே கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாமா?

பெட்டியின் குறையைக் கடையில் கண்டுபிடிக்கலாம். உங்கள் வீட்டில் எப்படிக் கேட்கும் என்பது மட்டும் அங்கே தெரியாது. கடைக்காரர் சப் அளவை இரண்டு மூன்று படி ஏற்றி வைத்திருப்பார். ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு, வெடிச் சத்தம் நிறைந்த ஒரு காட்சி. சட்டை படபடக்கும், நாமும் தலையை ஆட்டிவிட்டு வருவோம்.

என் வழி இது. 20, 25, 30, 40, 50 ஹெர்ட்ஸ் தனிச்சுரங்களை போனில் ஏற்றிக்கொண்டு போவேன். மிதமான அளவில் ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லி, குழாய் வாயருகே காதை வைப்பேன். 'புஸ்ஸ்' என்று காற்று சீறினால் குழாய் பற்றவில்லை. 25 ஹெர்ட்ஸ் வைக்கும்போது 50, 75 மாதிரியான மேல் சுரங்கள் கூடவே கேட்டால் கூம்பு திணறுகிறது. ஆழத்தில் சுத்தமான சத்தம் கேட்பதற்குச் சப்பென்றுதான் இருக்கும். 25 ஹெர்ட்ஸ் கணீரென்று கேட்டால் சந்தேகப்படுங்கள். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்ப்பேன். பலகை கிடுகிடுத்தால் உள்ளே தாங்குகட்டை சரியாக இல்லை. கடைசியாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வெறுமனே ஆன் செய்த பெட்டி 'ஙொய்' என்று முனகுகிறதா என்று கேட்பேன்.

இதற்கெல்லாம் சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பொறுமையாக வைத்துக் காட்டுகிறவரிடம் வாங்குங்கள், பின்னால் பெட்டி பழுதானாலும் அவர்தான் போனை எடுப்பார்.

வீட்டில் எந்த மூலையில் வைப்பது? கன்னிமூலையில் கனமான பொருள் இருக்கணும் என்கிறார்களே?

தென்மேற்கில் கனம் வைக்கச் சொல்லும் வாஸ்துக்காரரும் ஒலி அறிவியலும் பாதி தூரம் ஒத்துப்போகிற அபூர்வமான இடம் இது. எந்த மூலையானாலும் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து சத்தத்தைத் தள்ளிக்கொடுக்கும். ஆகவே சத்தம் அதிகம் வேண்டுமானால் மூலை சரி. அங்கே சத்தம் சமமாகவும் வருமா என்றால், அதை அறைதான் சொல்ல வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. பெட்டியைத் தூக்கி, நீங்கள் உட்காரும் சோபா இடத்திலேயே வையுங்கள். பேஸ் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். நின்றுகொண்டு கேட்டால் பலன் இல்லை, காது பெட்டியின் உயரத்தில் இருக்க வேண்டும். எங்கே ஒவ்வொரு சுரமும் ஒரே கனத்தில் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்கு இடம். காதும் பெட்டியும் இடம் மாறினாலும் அறை ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும், அதனால் இது பலிக்கிறது. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது மதினி உள்ளே வந்து, "என்னத்தத் தொலைச்சீக?" என்று தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் கன்னிமூலை தோற்றது. டிவிக்கு இடப்பக்கம், மூலையிலிருந்து நாலடி தள்ளி வைத்த இடம் ஜெயித்தது. அம்மாவின் திருப்திக்குக் கன்னிமூலையில் இப்போது அரிசி டிரம் நிற்கிறது.

சோபாவில் பேஸே கேட்கவில்லை, ஆனால் அடுக்களை வாசலில் நின்றால் இடிக்கிறது. பெட்டியில் கோளாறா?

பெட்டியை வைவதற்கு முன் சோபாவை இரண்டடி நகர்த்துங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

சத்தம் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே போய்வரும்போது, சுவர் இடைவெளிக்குப் பொருந்தும் சுரங்கள் மட்டும் வீங்கும். எங்கள் ஹாலில் 15 அடி நீளத்துக்கு 38 ஹெர்ட்ஸ், 12 அடி அகலத்துக்கு 48, 10 அடி உயரத்துக்கு 57. வீங்கும் சுரம் சுவரோரத்தில் மலை, அறையின் நட்டநடுவில் பள்ளம். சோபாவைச் சரியாக ஏழரை அடியில் போட்டால் 38 ஹெர்ட்ஸ் காணாமலே போய்விடும். அந்தப் பள்ளத்தை வாட்ஸ் கூட்டி நிரப்ப முடியாது. பின்சுவரில் சோபாவை ஒட்டிப்போட்டால் எல்லாச் சுரமும் மலை, 'கும் கும்' என்று ஒரே சத்தம். பின்சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளிப் போட்டுப் பார்ப்பது நல்ல ஆரம்பம்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 12-க்கு 12 என்று சதுரமாக அறை போடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே சுரத்தில் சேர்ந்து வீங்கும், பிறகு என்ன வாங்கினாலும் அழுகைதான்.

ஒரே இடத்தில் இல்லாமல் அறை முழுக்க நன்றாகக் கேட்க வேண்டுமென்றால், ஒரு பெரிய பெட்டியின் காசில் இரண்டு நடுத்தரப் பெட்டி வாங்கி எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பது மேல். ஒன்று விட்ட பள்ளத்தை இன்னொன்று நிரப்பும். இந்த விஷயத்தில் நான் சொன்னதை நானே கேட்கவில்லை.

ஏ.வி.ஆரில் என்னென்ன திருக வேண்டும்?

ஏ.வி.ஆர். என்பது எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ஆம்ப் பெட்டி. அதில் ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் 'ஸ்மால்' என்று வைத்துவிடுங்கள், ஆழமான சத்தம் சப்வூஃபருக்குப் போய்விடும். பெரிய டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் அதுதான் சரி. ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் சத்தத்தைப் பிரிக்கும் இடம் (கிராஸ்ஓவர்) 80 ஹெர்ட்ஸ். டி.எச்.எக்ஸ். என்ற தியேட்டர் ஒலித்தரம் வந்த காலத்திலிருந்து நிலைத்த எண் இது. அதற்குக் கீழே வரும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கஷ்டம். கைக்கடக்கமான ஸ்பீக்கர் என்றால் 100 அல்லது 120. சப்வூஃபரின் முதுகில் இருக்கும் பிரிப்புத் திருகை எல்.எஃப்.இ. (அந்தப் புள்ளி ஒன்று தடம்) என்ற இடத்திலோ உச்சத்திலோ வைத்துவிடுங்கள், இரண்டு இடத்தில் வடிகட்டினால் நடுவில் ஓட்டை விழும்.

பிறகு ஆடிஸி, ஒய்.பி.ஏ.ஓ., டிராக் என்று உங்கள் ஏ.வி.ஆரில் மைக் வைத்துத் தானே அளந்து சரிசெய்யும் எந்த ஏற்பாடு இருக்கிறதோ அதை ஓடவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், வீட்டில் யாரையும் நடமாட விடாதீர்கள், மைக்கை ஸ்டாண்டில் வையுங்கள், சோபா முதுகில் சாய்த்து வைக்காதீர்கள். முடிந்ததும் சப் அளவு மைனஸ் 12 மாதிரி எல்லையில் போய் முட்டியிருந்தால், பெட்டியின் திருகைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 8 அடி தூரத்தில் உள்ள சப்வூஃபரை 14 அடி என்று காட்டினால் திருத்தாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்னணுவியலின் தாமதத்தையும் சேர்த்து அப்படிச் சொல்கிறது.

'ஃபேஸ்' என்று எழுதியிருக்கும் கட்டத் திருகு, 0 அல்லது 180, குழப்பமானதாகத் தோன்றும். 80 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை ஸ்பீக்கரிலும் சப்பிலும் சேர்ந்து ஓடவிட்டு, சோபாவில் எந்த நிலையில் சத்தம் கூடுகிறதோ அங்கே விடுங்கள். வேறு ஒன்றும் இல்லை.

போனில் டெசிபெல் ஆப் வைத்து அளக்கலாமா?

ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். அந்த ஆப்புகள் பெரும்பாலும் 'ஏ' கணக்கில் அளக்கும். அது மெல்லிய சத்தம் நம் காதுக்குக் கேட்கும் விதத்தை ஒட்டிய கணக்கு, 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபெல்லைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். பீரோ ஆடிக்கொண்டிருக்கும், போன் 55 என்று சாதுவாகச் சொல்லும். 'சி' கணக்குக்கு மாற்றினால் அங்கே 3 டெசிபெல்தான் குறையும். அதற்கு மேல் போன் மைக்குக்கே ஆழத்தில் காது மந்தம்.

ஆர்வம் இருந்தால் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் மினிடிஎஸ்பியின் யூமிக்-1 மைக்கும் போதும். முதல்முறை உங்கள் அறையின் வரைபடத்தைப் பார்க்கும்போது மனசு உடையும். மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறுக்கே வெட்டிய மாதிரி இருக்கும், எல்லார் வீட்டிலும் அப்படித்தான். பள்ளங்களை விட்டுவிட்டு மேடுகளை மட்டும் ஈக்வலைசரில் குறையுங்கள்.

எதைப் போட்டுச் சோதிப்பது?

வெடிக் காட்சி வேண்டாம். வெடி எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

நான் முதலில் செய்தி வாசிப்பவரின் குரலை வைப்பேன். ஆண் குரல் பானைக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தால் சப் அளவு அதிகம், அல்லது பிரிக்கும் இடம் மிக மேலே இருக்கிறது. அடுத்து தவில். தொப்பியில் அடி விழுந்ததும் சத்தம் எழுந்து, அடுத்த அடிக்கு முன் அடங்கிவிட வேண்டும். வேகமான கோர்வையில் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிப் போனால் அறையோ பெட்டியோ இழுத்துக்கொண்டிருக்கிறது. ரத வீதியில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் நின்று தவில் கேட்ட காதுக்கு இதில் ஏமாற வாய்ப்பே இல்லை. மூன்றாவது, பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்கும் பாட்டு. எல்லாப் படியும் ஒரே கனமாக இருக்கிறதா, ஒரு படி மட்டும் துள்ளுகிறதா என்று பார்ப்பேன்.

அதற்கப்புறம், பழக்கமான படத்தை வழக்கமான சத்தத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, நடுவில் யாரையாவது சப்வூஃபரை நிறுத்தச் சொல்லுவேன். அது ஓடும்போது பெட்டி இருந்ததே தெரியாமல், நின்றதும் அறை சட்டென்று சுருங்கின மாதிரி இருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. ஒருவர் வந்து உட்கார்ந்ததும் "எலே, உன் சப்வூஃபர் என்னமா அடிக்கு!" என்றால், அவர் போனதும் அளவை 3 டெசிபெல் குறைப்பேன்.

பீரோ கடகடவென்று ஆடுகிறதே?

பீரோவோடு நின்றதா? எங்கள் வீட்டில் பீரோ கதவு, ஜன்னல் கொக்கி, டியூப்லைட் பட்டி, சுவரில் தாத்தா போட்டோ, அடுக்களையில் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு என்று ஒரு கச்சேரியே நடந்தது. பலர் இதைத்தான் பெட்டியின் இரைச்சல் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

15-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சுரத்தை ஓடவிட்டு, வீட்டில் இருப்பவர்களை அறைக்கு ஒருவராக நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. எது எந்த எண்ணில் ஆடுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, மடித்த சைக்கிள் டியூப் துண்டு, இரட்டைப் பக்க ஒட்டு டேப், கதவிடுக்கில் ஃபெல்ட் என்று ஒவ்வொன்றாக அடக்குங்கள். எங்கள் வீட்டில் 34 ஹெர்ட்ஸில் மட்டும் வந்த ஒரு 'ட்ர்ர்' எங்கிருந்து என்று இரண்டு நாள் தேடினோம். பூஜை அலமாரியில் மணியின் நாக்கு.

சுவரில் பத்தமடைப் பாய் மாட்டினால் பேஸ் அடங்குமா?

அழகாக இருக்கும். கைதட்டினால் வரும் 'டணங்' எதிரொலி துளி குறையலாம். பேஸுக்கு அது பாய் இருப்பதே தெரியாது. சத்தத்தை உறிஞ்சும் பொருளின் தடிமன் அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால் நன்றாக வேலை செய்யும். 40 ஹெர்ட்ஸுக்கு அந்தக் கால் பங்கு ஏறக்குறைய 7 அடி. முட்டை அட்டை, நுரைப் பலகை எல்லாம் இதே கதைதான். மூலையில் தரையிலிருந்து கூரை வரை ராக்வூல் அடுக்கி வைத்தால் ஓரளவு பலன் உண்டு. இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தியும் பார்த்தோம். கொஞ்சம் மாற்றம் இருந்தது, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்களா?

வளவு வீடு, கல்லிடைக்குறிச்சி மாதிரி சுவர் ஒட்டிய தெரு வீடு, அடுக்குமாடி என்றால் கண்டிப்பாக. பேஸ் சுவரில் நிற்காது, கட்டடத்துக்குள்ளேயே இறங்கி நடக்கும். அடியில் ரப்பர் காலோ நுரைத் தட்டோ வைத்தால் தரை வழியாகப் போவது குறையும். காற்று வழியாகச் சுவரை ஆட்டுவது குறையாது.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. அதுவும் அந்த 'ஏ' கணக்குதான். ஆகவே மீட்டரில் சட்டப்படி சரியாக இருந்துகொண்டே பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுக்க முடியும். சட்டத்தை விட்டுவிட்டு, அவரையே ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் அவர் வீட்டில் போய் நின்று நீங்களும் கேளுங்கள். நான் கேட்டேன், அன்றிலிருந்து ஒன்பதரைக்கு மேல் சப்வூஃபர் அணைந்துவிடும்.

கரண்ட் ஏறி இறங்குகிறது, இடி வேறு. தாங்குமா?

வோல்டேஜ் ஏறி இறங்குவதை இன்று வரும் கிளாஸ்-டி ஆம்ப்கள் பெரும்பாலும் சமாளித்துவிடும். இடிதான் எமன். ஐப்பசி, கார்த்திகையில் மாலை நேரத்து இடியில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கை உருவ வேண்டும், கூடவே ஏ.வி.ஆரிலிருந்து வரும் ஆர்.சி.ஏ. வயரையும். என் பழைய சப்வூஃபரின் ஆம்ப் பலகை கேபிள் டிவி வயர் வழியாக வந்த அதிர்ச்சியில் போனது. பிளக்கை உருவியிருந்தேன், வயரை மறந்துவிட்டேன். விற்ற கடை பாகம் வரும் வரும் என்று ஐந்து மாதம் சொல்லிவிட்டுக் கடைசியில் கையை விரித்தது. பாகம் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

'ஙொய்' முனகல் வந்தால் முதலில் வீட்டு எர்த்தைப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருக்கும்.

டவுனில் ஒருவர் பெட்டி அடித்துத் தருகிறேன் என்கிறார், பாதி விலை. செய்யலாமா?

அவர் பெட்டியின் கொள்ளளவை எப்படி முடிவு செய்கிறார் என்று கேளுங்கள். ஸ்பீக்கருக்கு ஏற்ற பெட்டியைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம் என்று 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் எழுதினார். ரிச்சர்ட் ஸ்மால் 70-களில் அதை விரித்தார். இன்று இலவச மென்பொருளிலேயே ஐந்து நிமிட வேலை. "தீல்-ஸ்மால் எண் வேணும், கொண்டு வாங்க" என்று அவர் சொன்னால் நம்பிக் கொடுக்கலாம், விக்கிரமசிங்கபுரத்தில் அப்படிச் செய்த ஒரு பெட்டி என்னுடையதை விட நன்றாக ஒலிக்கிறது. "வேன்ல போடுற சைஸ்தான்" என்றால், 50 ஹெர்ட்ஸில் இடித்துவிட்டு அதற்குக் கீழே ஊமையாக இருக்கும் பெட்டிதான் கிடைக்கும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் ஈரத்தில் எம்.டி.எஃப். என்கிற மரத்தூள் பலகை ஓரம் ஊதும்; நல்ல பிளைவுட் கேளுங்கள்.

குழாய்க்குள் பல்லி போகுமா?

போகும், கரப்பானும் போகும். ஊருக்குப் போகும்போது குழாயில் துணியைப் பந்தாகச் சுருட்டி அடைத்துவிட்டுப் போங்கள். வந்ததும் எடுக்க மறக்காதீர்கள், அடைத்த குடம் வேறு சுரம்.

உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்க்கலாமா?

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கிலிருந்து ஆறு வரை, பக்கத்து வீட்டு ஆச்சி தூங்கி எழுந்த பிறகு. நீங்கள் பத்துத் தடவைக்கு மேல் கேட்ட ஒரு பாட்டைக் கொண்டு வாருங்கள். செருப்பை வாசலில் விடுங்கள். தவழ வேண்டியிருக்கும், வேட்டி வேண்டாம்.